பழைய மானிட்டரில் ஒரு படம்

செவ்வாய், இரவு.

நாளை தம்பி முரளியைச் செல்வம் வீட்டுக்கு அனுப்பலாமா? எனக்குத் தெரியவில்லை.

குடியை விட்டதிலிருந்து தம்பி சாயங்காலமெல்லாம் வீட்டிலேயே வீடியோ கேம் ஆடுகிறான். அதுதான் அவனைப் பிடித்து வைத்திருக்கிறது. நேற்று இடி இடித்ததில் டி.வி. போய்விட்டது. பரணிலிருந்து என் பழைய கம்ப்யூட்டர் மானிட்டரை இறக்கினான். கள்ளக்குறிச்சிக்குப் போய், கேம் பெட்டியின் ஒயர் பழைய மானிட்டரில் பொருந்துவதற்கு ஒரு கன்வெர்ட்டர் வாங்கிவந்து கேம் பெட்டியை அதில் இணைத்தான். படம் வரவில்லை. பெட்டி அனுப்பும் படத்தின் அளவு இந்த மானிட்டருக்கு அதிகமாம். அதைக் குறைக்கும் மெனுவைப் பார்க்கவே வேறொரு டி.வி. வேண்டும்.

"செல்வம் வூட்ல மாத்திக்கினு வந்துடறேன்க்கா."

செல்வம் அவனோடு குடித்தவன். இன்னும் குடிக்கிறவன்.

"வேற வூடே இல்லியாடா?"

"இந்த வயசுல கேம் பொட்டியத் தூக்கிக்கினு எவன் வூட்டுக்குப் போறது? சிரிப்பானுங்க. நான் இன்னா சின்னப் புள்ளையா, நீ பயப்படறதுக்கு?"



புதன்.

போனான். மத்தியானத்துக்குள் திரும்பிவிட்டான். ஒயரைப் பார்ப்பதுபோல் அவன் பக்கத்தில் குனிந்தேன்.

"மோந்து பாத்துட்டியா?" என்றான்.

வாசனை எதுவும் இல்லை. மானிட்டரில் ஸ்பீக்கர் கிடையாது. படம் மட்டும் வந்தது. சாயங்காலம் முழுவதும் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஆடினான்.