கோடு வரை எச்சில்

மார்ச் 4, செவ்வாய்

மகளுக்குத் தலைவலி வந்து இன்றோடு தொண்ணூற்றொரு நாள். ஒன்பது வயது. காலை, மதியம், மாலை என்று மூன்று வேளையும் "பத்துக்கு எத்தனை?" என்று கேட்டு, பதிலை அட்டவணையாக்கி ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டுகிறேன். நூலகத்தில் பதினெட்டு வருடமாகப் புத்தகங்களுக்கு எண் போடுகிறவன். வலியை மட்டும் எண் இல்லாமல் விட்டுவிட முடியுமா?

"அதைக் கிழிச்சுத் தொலைங்க" என்கிறாள் மனைவி. கிழிக்கவில்லை.

மார்ச் 7, வெள்ளி

தினமும் மாத்திரை தரலாமா என்று டாக்டரம்மா யோசிக்கிறார். அதற்கு முன் இரண்டு பரிசோதனை. உடம்பின் எதிர்ப்புச் சக்தி காரணமில்லாமல் கொந்தளிக்கிறதா என்று ரத்தத்தில் பார்ப்பார்கள். மன அழுத்தத்துக்கான ஹார்மோன் எச்சிலில் தெரியுமாம். மூன்று நாள், எழுந்ததும், பல் தேய்க்கும் முன், சின்னக் குப்பியில் கோடு வரை துப்ப வேண்டும்.

ரத்தம் எடுத்தபோது மகள் அழவில்லை. என்னைத்தான் உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தார்கள்.

மார்ச் 10, திங்கள்

"வரலப்பா."

"புளிப்பா எதையாச்சும் நினைச்சுக்கோ."

"உங்க மூஞ்சிதான் ஞாபகம் வருது."

பாதிக் குப்பிதான் தேறியது. வாசலில் ஸ்கூல் வேன் ஹாரன். நான் இதுவரை எதையும் அரைகுறையாக ஒப்படைத்தவன் அல்ல. மீதியை நானே துப்பிக் கோடு வரை நிரப்பினேன். என் மகள்தானே, பெரிதாக என்ன வித்தியாசம் இருந்துவிடப்போகிறது?

மார்ச் 12, புதன்

மூன்று குப்பியும் அதே முறையில் நிறைந்தன. கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். திருப்தி.

மார்ச் 18, செவ்வாய்

"ரத்தம் அமைதியா இருக்கு. எச்சில்தான்... ஒன்பது வயசுக்கு இவ்வளவு அழுத்தமா? ஸ்கூல்ல யாராவது மிரட்டுறாங்களா பாப்பா?"

"இல்ல டாக்டர். வீட்டுல அப்பா மட்டும் நம்பர் கேப்பாரு."

டாக்டரம்மா மருந்துச் சீட்டை இழுத்தார். எழுதத் தொடங்கினார். சொல்லாவிட்டால் மாத்திரை அவள் வாய்க்குள். சொன்னால் என் மானம்— ஒரு வரி முடியும்வரை வாயை மூடிக்கிட்டு உக்காந்திருந்தேன். அப்பனா நான்? த்தூ. (இந்தத் துப்பலையும் அளவோடுதான் செய்திருக்க வேண்டும்.)

"மேடம், அதுல பாதி என்னோடது."

பேனா நின்றது. மனைவி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். தோள்கள் மட்டும் குலுங்கின. மகள் கேட்டாள்: "சரியா எவ்ளோப்பா?"

தீர்ப்பு: குப்பியை மறுபடி அவளே நிரப்ப வேண்டும். அட்டவணை கூடாது. நான் கேட்கவே கூடாது. வலித்தால் அவளே சொல்வாள்.

மார்ச் 22, சனி

கேட்கவில்லை. "சௌக்கியமா?" என்று மட்டும் விசாரித்தேன்.

"அதுவும் அதே கேள்விதான்பா."

மார்ச் 27, வியாழன்

அவள் எச்சில் அவள் வயதுக்கு ஏற்றபடி இருக்கிறது. மாத்திரை இப்போதைக்கு இல்லை. "வலி நிஜம்தான், அதுல சந்தேகமே படாதீங்க" என்றார் டாக்டரம்மா. பிறகு என்னைப் பார்த்து, "நீங்களும் யாரையாவது போய்ப் பாருங்க" என்றார்.

ஏப்ரல் 20, ஞாயிறு

மத்தியானம் தானாகவே வந்து சொன்னாள்: "வலிக்குது. படுத்துக்கிறேன். பின்னாடியே வராதீங்க." இந்த வாரத்தில் இது இரண்டாவது தடவை. போன மாதம் தினமும்.

மூடிய கதவுக்கு வெளியே நாற்பது நிமிடம். கேட்கவில்லை.

எழுந்து வந்தவள் தண்ணீர் எடுக்க ஃப்ரிட்ஜ் பக்கம் போனாள். பிறகு போய்ப் பார்த்தேன். கதவில் புது அட்டவணை, அவள் கையெழுத்து. தலைப்பு 'அப்பா'. இன்றைய கட்டத்தில்: பத்துக்கு நான்கு.

நேற்று ஆறு.