கழுதை இழுத்த புல்

மன்னார்,
சனிக்கிழமை காலை.

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் மகள் வேணுஜா வணக்கத்துடன் எழுதுவது. நான் இங்கே மாமா வீட்டில் நல்ல சுகம். உங்கள் முழங்கால் நோவு குறைந்ததா? அம்மா நேரத்துக்குச் சாப்பிடுகிறாரா?

யதுசன் மாமா செயற்கைப் புல் விரிக்கும் வேலை தொடங்கியிருக்கிறார். வயலில் நீங்கள் புல் பிடுங்குகிறீர்கள், இங்கே மாமா புல் விரிக்கிறார்! முதல் வேலை கடலோரத்தில் இருக்கும் மதலேனா அன்ரியின் முற்றம். அங்கே கிணறு உப்பு என்பதால் உண்மைப் புல் வளராது. விரித்த மறுநாளே ஒரு கழுதை வந்து மூலையைக் கடித்து இழுத்துவிட்டது.

"நான் முத்தத்துக்குப் புல்லு கேட்டனான், கழுதைக்கில்லை. கழட்டிக்கொண்டு போங்கோ!" என்றார் அன்ரி.

"கழுதையே புல்லெண்டு நம்பிட்டுது, அன்ரி" என்று மாமா சிரித்தார். ஆனால் முதல் வேலையே கெட்டால் வேறு யார் கூப்பிடுவார்கள் என்று அவர் முகம் வாடிவிட்டது.

புல்லை நிலத்தோடு பிடிக்கும் ஆணிகளை நேராக அடித்ததால் அவை மணலில் பிடிக்கவில்லை. நீங்கள் ஆடு கட்டும் கட்டையைச் சரித்து அடிப்பது நினைவுக்கு வந்தது. சொன்னேன். மாமா எல்லா ஆணிகளையும் சரித்து அடித்தார். நேற்றுக் கழுதை திரும்பவும் வந்து, இழுத்துப் பார்த்துவிட்டுப் போய்விட்டது.

"ஆர் பிள்ளை உனக்கு இதைச் சொல்லித் தந்தது?" என்று அன்ரி கேட்டார்.

"எங்கட அப்பா" என்றேன். நன்றி அப்பா.

அந்தப் புல் தண்ணீர் பட்டாலும் எங்கள் வயல் புல்லைப் போல மணப்பதில்லை. யாராவது பெரியமடுவில் இருந்து வந்தால் என் அகராதியையும், நீங்கள் வயலுக்கு உடுக்கும் சாரம் ஒன்றையும் கொடுத்துவிடுங்கள். போர்த்துப் படுக்கத்தான்.

ரியூசனுக்கு நேரமாகிவிட்டது, ஓடுகிறேன். சாரத்தைத் தோய்க்க வேண்டாம்.

அன்பு மகள்
வேணுஜா