பனி தாமதமாக வந்து சேரும்

டிசம்பர் 9

என் அருமைப் பன்னுவுக்கு,

இந்த வருஷம் முறை மாறிவிட்டது, பார்த்தாயா? குளிர் தொடங்கியதும் முதல் கடிதம் உன்னிடமிருந்துதான் வரும். விடுதியில் ஒரே அறையில் இருந்த காலத்திலிருந்தே இந்த வேலை உன்னுடையது. பனி இறங்கினால் நான் சுருண்டு படுத்துவிடுவேன், நீ வந்து போர்வையை இழுப்பாய். நீ ரொட்டிக்கடைக்காரருக்கு வாழ்க்கைப்பட்டுப் போன பிறகு (பன்னு என்று நான் வைத்த பெயரை நிரூபிக்கத்தான் அவரைக் கட்டிக்கொண்டாய் என்று இன்னும் நம்புகிறேன்) போர்வை இழுக்கும் வேலையைத் தபால்காரரிடம் ஒப்படைத்தாய். ஒவ்வொரு கடிதத்திலும் அதே மூன்று கேள்வி. சாப்பிட்டியா? வெயில்ல நின்னியா? யார்கிட்டயாவது பேசினியா?

மூன்றாவது கேள்விக்கு நான் எப்போதும் சண்டை பிடிப்பேன். ரயில் நிலையத்தில் மைக்கைப் பிடித்துக்கொண்டு நாளெல்லாம் ஊருக்கே பேசுகிறவளைப் பார்த்துக் கேட்கிற கேள்வியா இது? "அது பேச்சில்லடி, அறிவிப்பு" என்று நீ பதில் போடுவாய். உண்மைதான். அறிவித்து அறிவித்துத் தொண்டை வறண்டு வீடு திரும்பினால் போனைக் கண்டாலே எனக்கு வெறுப்பு. அதனால்தானே ஊர் உலகமெல்லாம் கடிதத்தை மறந்த பிறகும் நாம் இரண்டு பேர் மட்டும் தபால்தலை ஒட்டிக்கொண்டிருக்கிறோம்.

இந்த வருஷம் குளிர் எங்கோ வழி தவறிப் போய்விட்டது. அங்கேயும் அப்படித்தான் என்று செய்தியில் சொன்னார்கள். வழக்கமாக இந்த மாதத்தில் வண்டியின் சத்தம்தான் முதலில் வரும், வண்டி அதற்குப் பிறகுதான் வரும். இப்போது என் கண்ணாடி ஜன்னலிலிருந்து பார்த்தால் தூரத்து வளைவில் திரும்பும்போதே அதன் முகம் தெரிகிறது. இரண்டாம் நடைமேடையில் உள்ள மரம் ஏமாந்துபோய் மொட்டு விட்டிருக்கிறது. தண்டவாளத்துக்கு மேலே தும்பிகள் பறக்கின்றன. ஒரு வண்டிகூடத் தாமதமில்லை. பனியை நம்பி ஆடி அசைந்து வருகிற பயணிகள்தான் பாவம், வண்டியைக் கோட்டை விட்டுவிட்டு என் அறைக்கு வந்து, "ஏம்மா, பனிக்காலத்துல வண்டி லேட்டாத்தானே வரணும்?" என்று நியாயம் கேட்கிறார்கள்.

இன்னொரு அதிசயம், மனசும் இறங்கவில்லை. காலையில் எழுந்ததும் பசிக்கிறது. குளிக்கும்போது பாடுகிறேன், நல்லவேளை மைக் இல்லை. அதனால் இந்த வருஷம் உன் மூன்று கேள்விக்கும் விடுமுறை. நீயும் கொஞ்சம் ஓய்வெடு.

உன்
ரேடியோ


டிசம்பர் 17

அன்புள்ள ரேடியோவுக்கு,

விடுமுறைக்கு நன்றி. நீ பாடுவதை நினைத்து உன் அக்கம்பக்கத்தாருக்காக வருத்தப்பட்டேன். மற்றபடி எனக்குச் சந்தோஷம்தான். உனக்கு எழுதக் காகிதம் எல்லாம் எடுத்து வைத்திருந்தேன், குளிர் வரட்டும் என்று காத்திருந்தேன். இனி அது வேண்டியதில்லை.

இங்கே குளிர் வராததால் மாவுக்குத் தலைகால் புரியவில்லை. பனிக்காலத்தில் ரொட்டி மாவுத் தொட்டியைப் பழைய கம்பளியால் போர்த்தி, கெஞ்சிக் கூத்தாடித்தான் எழுப்ப வேண்டும். இப்போது கொஞ்ச நேரத்திலேயே மூடியைத் தூக்கிக்கொண்டு வெளியே வழிகிறது. எங்கள் வீட்டுக்காரர் பன் தட்டோடு போனவர் நின்று பார்த்து, "மாவு பொங்குது" என்றார். "வெயிலுக்குத்தான்" என்றேன். அதற்குமேல் பேசினால் அவர் அவராக இருக்கமாட்டாரே, போய்விட்டார். நான் அதை அமுக்காமல் பார்த்துக்கொண்டே உட்கார்ந்துவிட்டேன். மூடி ஏறி இறங்குவது, உள்ளே யாரோ தூங்குகிற மாதிரி இருந்தது.

மகள் கல்யாணமாகிப் போனதிலிருந்து மாடி அறையைத் தினமும் நான்தான் பெருக்குகிறேன். குப்பை ஒன்றும் சேர்வதில்லை, ஆனாலும் பெருக்குகிறேன். மத்தியானம் அந்த அறையில் வெயில் நேராகக் கட்டிலில் வந்து படுத்துக்கொள்கிறது. நான் இந்தப் பக்கம் நிழலில் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருப்பேன். கீழே இறங்கும்போது சாப்பாட்டு நேரம் தாண்டியிருக்கும். பசியும் அவ்வளவாக இல்லை, இந்தச் சூட்டுக்கு யாருக்குத்தான் பசிக்கும்?

ரயிலில் வரும் கார்டு அண்ணனிடம் வழக்கம்போல ஒரு ரொட்டி கொடுத்தனுப்புகிறேன். எல்லோருக்கும் கொடுத்துச் சாப்பிடு.

அன்புடன்
பன்னு


ஜனவரி 4

பன்னு, என் தங்கமே,

ரொட்டி வந்தது. உப்பு எப்போது வரும்? தனிப் பார்சலா?

கோபித்துக்கொள்ளாதே. டிக்கெட் கவுண்டர் அக்கா ஒரு துண்டு வாயில் போட்டுவிட்டு, "ஆஸ்பத்திரியில படுத்திருந்தப்ப இதேதான் குடுத்தாங்க" என்றார். எல்லோரும் சிரித்தோம். ஜாமைத் தடவி ஒரு துணுக்கு மிச்சமில்லாமல் தின்றுவிட்டோம், அதனால் உன் மானம் தப்பியது.

நான் மஞ்சள் குடை ஒன்று வாங்கியிருக்கிறேன். மழைக்கு இல்லை, சும்மா அழகுக்கு. மத்தியானச் சாப்பாட்டை இப்போது நடைமேடை பெஞ்சில்தான் சாப்பிடுகிறேன். அந்த நேரத்தில் நிலையமே அரைத் தூக்கத்தில் இருக்கும். புறாக்கள்கூட நடந்துதான் போகும், பறக்க அவற்றுக்குச் சோம்பல். நேற்று ஒரு பெரியவர் பெட்டியைத் தலைக்கு வைத்து வெயிலில் தூங்கிவிட்டார். அவருடைய வண்டியை நான் இரண்டு தடவை அறிவித்தேன், போய்விட்டது. எழுந்து வந்து திட்டப்போகிறார் என்று பயந்தேன். "நல்ல குரல்மா உனக்கு, தாலாட்டு மாதிரி இருந்துச்சு" என்று சொல்லிவிட்டு அடுத்த வண்டிக்குப் போனார். எனக்கு அன்றெல்லாம் கால் தரையில் பாவவில்லை.

மரத்து மொட்டுகள் விரிந்துவிட்டன. இத்தனை வருஷமும் இந்த மாதத்தை நான் போர்வைக்குள்ளேயே தொலைத்திருக்கிறேன், என்ன மாதமடி இது! நீ எப்போதும்போல் கலகலவென்றுதான் இருப்பாய், அதைக் கேட்கவே வேண்டாம்.

உன்
ரேடியோ


ஜனவரி 15

அன்புள்ள ரேடியோவுக்கு,

உப்பு போட்டேன் என்றுதான் நினைப்பு. பக்கத்துச் சலூன்காரரும் ரொட்டி சப்பென்று இருக்கிறது என்றார். உங்களுக்குச் சளி பிடித்து நாக்கு செத்திருக்கிறது என்று சொல்லி அனுப்பிவிட்டேன். இன்னொரு ரொட்டி அனுப்புகிறேன், ருசியைச் சொல்.

மாவு இன்னும் பொங்கிக்கொண்டுதான் இருக்கிறது. வெயில்தான், வேறென்ன. ரொட்டி மாவு பிசைவது மட்டும்தானே என் வேலை, பன் மாவை அவர் பார்த்துக்கொள்கிறார், இதிலேயே கை ஓய்ந்துவிடுகிறது. கடையை மத்தியானமே சாத்திவிடச் சொல்கிறேன்.

ஒரு கனவு வந்தது. மாடி அறை முழுக்கப் பனி. நான் தொட்டியில் அந்தப் பனியைப் போட்டுப் பிசைகிறேன். எவ்வளவு பிசைந்தாலும் சேரவில்லை, கையில் ஒன்றுமே ஒட்டவில்லை. விழித்துப் பார்த்தால் தலையணை நனைந்திருந்தது. இந்த வருஷ வேர்வைக்கு அளவே இல்லை.

உன் குடை நன்றாக இருக்கும். மஞ்சள் உனக்கு எடுப்பாக இருக்கும்.

பன்னு


ஜனவரி 22

பன்னு,

இந்த ரொட்டியை யாருக்கும் கொடுக்கவில்லை. அறிவிப்பு அறையில் தனியாக நின்று ஒரு துண்டு பிய்த்துத் தின்றேன். இதிலும் உப்பு இல்லை.

உனக்குக் கல்யாணமான புதிதில் நான் உன் கடைக்கு வந்திருந்தேனே, நினைவிருக்கிறதா? முழங்கை வரை மாவோடு நின்று எனக்குப் பாடம் எடுத்தாய். "உப்புதாண்டி மாவுக்குக் கடிவாளம். அதைப் போடாம விட்டா இது பாட்டுக்கு வழிஞ்சு ஓடிடும்" என்றாய். நீ சொன்னதை நான் மறக்கவில்லை, நீதான் மறந்திருக்கிறாய். மாவு வெயிலால் பொங்கவில்லையடி. நீ உப்பு போடவில்லை, அதனால் பொங்குகிறது. பிசைந்ததும் ஒரு கிள்ளு மாவை வாயில் போட்டுப் பார்க்காமல் நீ கை கழுவமாட்டாய். இப்போது அதையும் பார்ப்பதில்லை.

உன் இரண்டு கடிதங்களையும் எடுத்து வைத்துப் படித்தேன். பசியில்லை என்று எழுதியிருக்கிறாய். வெயிலை நிழலில் உட்கார்ந்து பார்த்ததாக எழுதியிருக்கிறாய். அது என்னுடைய இடமாயிற்றே, நீ அங்கே என்ன செய்கிறாய்? நான் குடையின் நிறத்தை எழுதிக்கொண்டிருந்தேன். பனி வரவில்லை, ஆகவே யாருக்கும் ஒன்றுமில்லை என்று நானாகத் தீர்மானித்துவிட்டேன். எனக்கு என் மேல் கோபம் கோபமாக வருகிறது.

இத்தனை வருஷத்தில் ஒரு தடவைகூட நான் உன்னிடம் திருப்பிக் கேட்டதில்லை. இப்போது கேட்கிறேன்.

சாப்பிட்டியா?

வெயில்ல நின்னியா?

யார்கிட்டயாவது பேசினியா?

எனக்கு அறிவிப்பு வேண்டாம். பேச்சு வேண்டும்.

உன்
ரேடியோ


ஜனவரி 27

என் ரேடியோவுக்கு,

இல்லை. இல்லை. இல்லை.

உன் கடிதம் வந்ததும் மாவுத் தொட்டி முன்னால் போய் நின்றேன். கிள்ளி வாயில் போட்டேன். நீ சொன்னது சரிதான். உப்பு டப்பாவை எட்டி எடுக்கிற இடத்தில்தான் வைத்திருக்கிறேன், அதன் மேல் தூசி படிந்திருந்தது. தொட்டி ஓரத்தைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

எங்கள் வீட்டுக்காரரிடம், "உங்களுக்குத் தெரியுமா?" என்றேன்.

"மொத நாளே தெரியும்."

"ஏன் சொல்லல?"

"சொன்னா நீ ஒடஞ்சு போயிடுவியோன்னு பயந்தேன். அதான் என் பன்னுல மட்டும் உப்பக் கொஞ்சம் கூட்டிப் போட்டேன்."

அழுகைக்கு நடுவே சிரிப்பு வந்துவிட்டது. இந்தத் தெருவே ஒரு மாதமாக உப்பில்லாத ரொட்டியும் உப்புக் கரிக்கும் பன்னும் தின்றிருக்கிறது, ஒருவரும் கடை மாறவில்லை.

ஏன் இப்படி ஆனேன் என்று கேட்காதே. மகள் போனதாலாக இருக்கலாம். அந்த அறை எனக்கு அவ்வளவு பெரியதாகத் தெரிகிறது. ஆனால் அது மட்டுமில்லை. பனி வந்தால் நீ சுருண்டுவிடுவாய், உன்னை எழுப்ப வேண்டும் என்று நானும் எழுந்துவிடுவேன். உனக்கு எழுதுவதற்காகவாவது வெயிலில் போய் நிற்பேன், நாலு பேரோடு பேசி உனக்குச் சொல்லச் சிரிப்பு சேர்த்து வைப்பேன். இந்த வருஷம் நீயே எழுந்துவிட்டாய். எனக்கு எழுந்திருக்கக் காரணம் கிடைக்கவில்லை. நீ நன்றாக இருப்பதைப் பார்த்துப் பொறாமை என்று நினைத்துவிடாதே. உன் மஞ்சள் குடையைத் தினமும் நினைத்துப் பார்க்கிறேன், அது மட்டும்தான் இங்கே நிறமாக இருக்கிறது.

வா என்று சொல்லி எனக்குப் பழக்கமில்லை, எப்போதும் நான்தான் வருகிறேன் என்று சொல்கிறவள். நீ வருவாயா?

பன்னு


ஜனவரி 31

பன்னு,

லீவு போட்டாச்சு. எட்டாம் தேதி ஞாயிற்றுக்கிழமை காலை வண்டி. குடையோடு வருகிறேன், ஸ்டேஷனுக்கு வந்து நில். பத்து நாள் மாடி அறை எனக்கு. அதைப் பெருக்காதே, நான் வந்து குப்பை போடுகிறேன்.

ரேடியோ


பிப்ரவரி 8, ஸ்டேஷன்

ரேடியோ,

நீ வந்து இறங்கப்போகிற இடத்தில் உட்கார்ந்து உனக்கே எழுதுகிறேன். உனக்கென்று ரொட்டி சுற்றிக் கொண்டுவந்த காகிதத்தில் ஒரு பக்கத்தைக் கிழித்திருக்கிறேன். வேறு வழியில்லை, உன் வண்டி தாமதம்.

குளிர்காலமே முடியப்போகிற நேரத்தில் பனி வந்துவிட்டது. காலையில் கதவைத் திறந்தால் தெருவைக் காணோம். யாரோ மாவுச் சல்லடையை ஊர்மேல் உதறின மாதிரி இருக்கிறது. இங்கே நடைமேடையும் பாதியோடு முடிந்துபோகிறது. அதற்கு அப்பால் இருமல் சத்தம் இருக்கிறது, ஆட்கள் இல்லை. ஒலிபெருக்கியில் ஓர் ஆண் குரல், "பனிமூட்டம் காரணமாக" என்று உன் வண்டியைச் சொல்லிக்கொண்டே இருக்கிறது. உன் அளவுக்கு வராது, யாரையும் தூங்க வைக்காது.

முதலில் பயந்துபோனேன். பனியைப் பார்த்ததும் நீ ரயில் பெட்டிக்குள் சுருண்டிருப்பாய், என்னைத் தூக்க வருகிறவளை நானே தூக்க வேண்டியிருக்குமோ என்று நினைத்தேன். நினைத்ததும் எழுந்து, தலையைச் சரியாகச் சீவிக்கொண்டேன். பிறகு எனக்கே சிரிப்பு வந்தது. போகட்டும். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் விழுந்தாலும் மாடி அறையில் இடம் இருக்கிறது.

காலையில் பிசைந்ததும் ஒரு கிள்ளு வாயில் போட்டுப் பார்த்தேன். உப்பு இருந்தது. அவ்வளவு சின்ன விஷயம், நாக்கில் பட்டதும் உடம்பெல்லாம் சிலிர்த்தது. மாவும் அடங்கி ஒடுங்கி மூடிக்குக் கீழேயே இருந்தது.

நீ வந்ததும் கேட்பாய். அதற்கு முன்னாலேயே சொல்லிவிடுகிறேன். சாப்பிட்டேன், கிளம்பும்போது அவர் என் கையில் திணித்த பன், அதில் இன்னும் உப்பு ஜாஸ்திதான். பேசினேன், பக்கத்து பெஞ்சில் ஒரு அம்மா இதே வண்டிக்குத் தன் தங்கைக்காகக் காத்திருக்கிறாள், அவள் குடும்பக் கதை முழுவதும் இப்போது எனக்குத் தெரியும். வெயிலில்தான் நிற்கவில்லை. அது வரும்போது நீயும் இருப்பாய், சேர்ந்து நிற்கலாம்.

சத்தம் கேட்கிறது. அந்த அம்மா எழுந்துவிட்டாள். வண்டி இன்னும் தெரியவில்லை, வெள்ளையாகத்தான் இருக்கிறது. நான் மஞ்சளைத் தேடிக்கொண்டிருக்கிறேன்.

உன்
பன்னு