தாஜ்மஹாலில் விழுந்த நிழல்

இல்-பிசார், மொன்றியல்
26 மார்ச் 2006, ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள அன்டனுக்கு,

பிரியந்தி எழுதிக்கொள்வது. நானும் அம்மாவும் ஹென்றி அண்ணையும் சுகமாக இருக்கிறோம். இந்தியாவில் உங்கள் சுகத்தையும் மன்னாரில் மாமியின் சுகத்தையும் அறிய ஆவல். மன்னார்ச் சனம் மறுபடியும் இந்தியாவுக்குப் படகேறத் தொடங்கிவிட்டதென்று இங்கே தமிழ் வானொலியில் சொன்னார்கள். மாமி என்ன முடிவில் இருக்கிறார் என்று மறக்காமல் எழுதுங்கள். தொலைபேசியில் கேட்டால் ஒன்றுமில்லை என்றுதான் சொல்வீர்கள்.

இங்கே பனி உருகத் தொடங்கிவிட்டது. பகலில் உருகுகிறது, இரவில் உறைகிறது, காலையில் வாசலெல்லாம் கண்ணாடிபோலக் கிடக்கிறது. என்னால் ஓரிடத்தில் இருக்க முடியவில்லை. வேலை முடிந்து வரும்போது எங்கள் தீவுக்கு ஏறும் பாலத்துக்கு முன்பே பஸ்ஸை விட்டு இறங்கி நடக்கிறேன். “இந்தப் பக்கம் பஸ் வாறதே அருமை. வந்த பஸ்ஸாலையும் இடையில இறங்குற விசரி நீ ஒருத்திதான்” என்று அண்ணை பேசுகிறார். மொகலாயர்களைப் பற்றி நூலகத்தில் எடுத்த புத்தகம் தவணை கடந்தும் மேசையில் கிடக்கிறது. ஒரே பக்கத்தை வாசித்துவிட்டு மூடுகிறேன்.

விடயத்துக்கு வருகிறேன். உங்களை இங்கே அழைப்பதற்கான விண்ணப்பம் முழுவதும் நிரப்பியாகிவிட்டது. திருச்சிக் கோவிலில் தந்த விவாகப் பத்திரம், பொலிஸ் நற்சான்று, என் சம்பளக் கடிதம் எல்லாம் உறைக்குள் இருக்கின்றன. எங்கள் கலியாணம் மெய்யான கலியாணம் என்று காட்டுவதற்கான படங்கள்தான் பாக்கி. கோவிலில் எடுத்தவை போதாதென்று அண்ணை சொல்கிறார். மாலையும் கோட்டுமாக யாரும் நிற்கலாம், இருவரும் சேர்ந்து எங்கேயாவது போய்வந்ததற்குத்தான் மதிப்பாம். நான் திரும்புவதற்கு முதல்நாள் எங்களை டெல்லியிலிருந்து ஆக்ராவுக்கு ஒருநாள் சுற்றுலா பஸ்ஸில் அவர் ஏற்றிவிட்டதே அதற்காகத்தான். இது உங்களுக்கும் தெரியும்.

நீங்கள் அனுப்பிய படம் போன கிழமை வந்தது. அதைக் கண்டதும் அம்மாவுக்குப் பெரிய சந்தோசம். “பாரன், மருமோன் எவ்வளவு எடுப்பா நிக்கிறார், பின்னால தாஜ்மஹால் அப்பிடியே வெண்ணெய் மாதிரி” என்று சொல்லி, குசினியில் வேலையாக நின்ற என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். நானும் பார்த்தேன். வடிவுதான் என்று சொல்லிவிட்டு வெங்காயம் வெட்டப் போனேன்.

நான் புவாண்ட்-கிளேரில் மருந்துக்கடையொன்றின் படம் கழுவும் பகுதியில் வேலை செய்கிறேன் என்று உங்களுக்குச் சொல்லியிருக்கிறேன். ஆனால் இதைக் கண்டுபிடிக்க அந்த வேலை தேவையில்லை. அன்று ஆக்ராவில் பகல் முழுக்க மூட்டமாக இருந்தது. உங்கள் படத்தில் வானம் கோவில் மாதா சுரூபத்தின் அங்கிபோல நீலமாக இருக்கிறது. அது போகட்டும். ஃபிளாஷ் வெளிச்சத்தில் உங்கள் தலையின் நிழல், இடது தோளுக்கு மேலே, தாஜ்மஹாலின் கோபுரத்தில் விழுந்திருக்கிறது. அவ்வளவு தூரத்தில் நிற்கிற கோபுரத்தில் எந்த மனிதனின் நிழலும் விழாது, அன்டன். அது திரைச்சீலை. வாசலுக்கு வெளியே, பூசணி இனிப்பு விற்கிற கடைகளுக்குப் பக்கத்தில், சீலை கட்டிப் படம் எடுக்கிற இரண்டு மூன்று கடைகளை நானும் கண்டேன்.

படம் வந்ததிலிருந்து அந்த நாளுக்குள் மனதில் மறுபடியும் மறுபடியும் நடந்துகொண்டிருக்கிறேன். எங்கள் வழிகாட்டி ரோசாக் குடையைத் தூக்கிப் பிடித்தபடி முன்னால் ஓடினாரே, அதுபோல நினைவு என்னை இழுத்துக்கொண்டு ஓடுகிறது, எந்த இடத்திலும் நிற்க விடுவதில்லை. முதலில் சிக்கந்தராவில் அக்பரின் சமாதி. அங்கே புல்வெளியில் மான்கள் நின்றன. நீங்கள் ஒன்றைக் காட்டி, “இதுக்கு ஆர் பதிவு குடுத்தது?” என்று கேட்டீர்கள். நான் சிரித்தேன். அகதியென்று பொலிஸில் பதிந்து, கையொப்பம் வைத்து, அனுமதி கேட்டு ஊர் விட்டு ஊர் போகிற ஒருவரின் பகிடி அது என்று அப்போது எனக்கு உறைக்கவில்லை.

பிறகு ஆக்ராக் கோட்டை. ஷாஜஹானை மகன் சிறைவைத்த மாடத்தில் நின்று, ஆற்றுக்கு அப்பால் புகைபோலத் தெரிந்த தாஜ்மஹாலை வழிகாட்டி காட்டினார். எட்டு வருடம் மனைவியின் கல்லறையைப் பார்த்தபடியே இருந்து செத்தார் என்று அவர் சொல்ல, எல்லோரும் உச்சுக்கொட்டினார்கள். நீங்கள் என் காதுக்குப் பக்கத்தில், “அடைச்சு வைச்சாலும் யன்னல் குடுத்திருக்கிறாங்கள்” என்றீர்கள். கலியாணத்துக்குப் பிறகு நீங்கள் என்னிடம் சொன்னவற்றில் இந்த ஒரு வசனத்தைத்தான் நான் பொக்கிசமாக வைத்திருக்கிறேன்.

அதன்பின் பளிங்குக் கடையில் எங்களை அடைத்து வைத்தார்கள். ஒருவரும் ஒன்றும் வாங்காததால் வழிகாட்டிக்குக் கோபம் வந்து, தாஜ்மஹால் வாசலில் எல்லோரையும் அவசரப்படுத்தினார். கனடா கடவுச்சீட்டு என்பதால் எனக்கு வெளிநாட்டாரின் வரிசை. உங்களை மெட்ராஸ்காரர் என்று நினைத்து இந்தியர்களின் சீட்டை உங்கள் கையில் திணித்துவிட்டார். உங்கள் வரிசையின் தலையில் துப்பாக்கியோடு பொலிஸ் நின்றது. முன்னால் நின்ற ஒருவரிடம் அடையாள அட்டை கேட்டார்கள். நீங்கள் அதைப் பார்த்தீர்கள், நான் உங்களைப் பார்த்தேன். “நீர் போம், நான் அந்த வரிசையால வாறன்” என்றீர்கள். நான் போனேன்.

உள்ளே எனக்கு ஒரு தண்ணீர்ப் போத்தலும் செருப்புக்கு மேல் போடத் துணியுறையும் தந்தார்கள். உங்களைத் தேடினேன். வாசலுக்கு நேரே நின்றேன், பிறகு எல்லோரும் உட்கார்ந்து படம் எடுக்கிற சலவைக்கல் வாங்கில் இருந்தேன். அங்கே ஒரு படக்காரர் விடாமல் நச்சரித்து என்னைத் தனியாக ஒரு படம் எடுத்தார். கடைசியில் சனத்தோடு சேர்ந்து உள்ளே தள்ளுப்பட்டுப் போனேன். கல்லறைகளைப் பார்த்தேன். அந்தக் கட்டடத்தில் எல்லாம் இரண்டு பக்கமும் ஒன்றுபோல. ஷாஜஹானின் மனைவியுடைய கல்லறை சரி நடுவில். அவருடையது மட்டும் ஒரு பக்கமாக, அவளுடையதைவிடப் பெரிதாக இருக்கிறது. அவருக்கு அங்கே இடம் யோசித்திருக்கவில்லை என்றும், பிறகு கொண்டுவந்து பக்கத்தில் வைத்ததால் ஒழுங்கு கெட்டுவிட்டது என்றும் புத்தகத்தில் இருக்கிறது. அந்த மாளிகை முழுவதிலும் எனக்குப் பிடித்தது அந்த ஒழுங்குகேடுதான். அதை உங்களிடம் சொல்ல வேண்டும் என்று ஓடி வந்தேன்.

நீங்கள் பஸ்ஸுக்குப் பக்கத்தில் நின்றீர்கள். நான் குடிக்காமல் வைத்திருந்த தண்ணீரை ஒரே மூச்சில் குடித்தீர்கள். உள்ளே போனீர்களா என்று கேட்டேன். “ஓம், பாத்தன், வடிவாத்தான் இருக்கு.” இரண்டு கல்லறையையும் கவனித்தீர்களா என்று கேட்டேன். “ரெண்டும் ஒண்டுதானே” என்றீர்கள். அதற்குப் பிறகு டெல்லிவரை நான் கதைத்த எல்லாவற்றுக்கும் தலையாட்டிக்கொண்டு வந்தீர்கள். பாவம், களைத்துவிட்டார் என்று நினைத்தேன்.

திருச்சியிலிருந்து ரயிலில் வரும்போது உங்கள் அனுமதிக் கடதாசியை நீங்களே காட்டினீர்கள். டெல்லிக்குப் போய்வர என்று மட்டும் அதில் எழுதியிருந்தது. ஆக்ரா டெல்லியில் இல்லை. கனடாவில் இருந்து புத்தகம் புத்தகமாக வாசிக்கிற எனக்கு இது அன்று தோன்றவில்லை. உங்களுக்குத் தோன்றியிருக்கும். கலியாணம் கட்டி இரண்டு கிழமைகூட ஆகாத பெண்ணிடம் அதை எப்படிச் சொல்வது என்று பேசாமல் பஸ்ஸில் ஏறிவிட்டீர்கள்.

இதெல்லாம் நானாகக் கட்டுகிற கதையாகவும் இருக்கலாம். அதுதான் என்னை இருக்கவிடாமல் செய்கிறது. நீங்கள் பயந்து திரும்பினீர்களா, அவர்கள் திருப்பினார்களா, அதட்டினார்களா, கைவைத்தார்களா? ஒன்றுமே இல்லாமல், என்னோடு சேர்ந்து நிற்க விருப்பம் இல்லாமல் வெளியே நின்றுவிட்டீர்களா? கடைசியாகச் சொன்னதை எழுதக் கூச்சமாக இருக்கிறது. ஆனாலும் பாலத்தில் நடக்கும்போது அதுவும் வருகிறது.

இனி அண்ணை செய்த வேலையைக் கேளுங்கள். நாங்கள் சேர்ந்து நிற்கிற படம் இல்லையென்று, என் வாங்குப் படத்தையும் உங்கள் சீலைப் படத்தையும் கொண்டுபோய், கலியாண வீடுகளுக்கு வீடியோ எடுக்கிற தெரிந்தவர் ஒருவரிடம் கொடுத்துக் கணினியில் ஒட்டுவித்துவிட்டார். நேற்றுக் கொண்டுவந்து காட்டினார். என் மூட்டமான வானத்தை உங்கள் நீலத்துக்கு மாற்றியிருக்கிறார்கள். என் கையில் இருந்த போத்தலை அழித்துவிட்டு அங்கே ஒரு கையை வைத்திருக்கிறார்கள். நான் உங்கள் கையைப் பிடித்திருக்கிறேனாம். அது உங்கள் கைகூட இல்லை, அன்டன். அதில் தடித்த மோதிரம் ஒன்று கிடக்கிறது. வேறு யாரோ மாப்பிள்ளையின் கை.

நான் இதை அனுப்பமாட்டேன் என்றேன். “எல்லாரும் செய்யிறதுதானே பிள்ளை, ஒரு படத்தால ஆருக்கு என்ன நட்டம்?” என்றார் அண்ணை. இங்கே எங்களுக்குத் தெரிந்த அக்னெஸ் அக்காவின் மருமகனைப் பற்றியும் சொன்னார். டெல்லியில் கனடாத் தூதரகத்தில் அவரைத் தனியாக இருத்தி, எங்கே போனீர்கள், என்ன சாப்பிட்டீர்கள், மனைவி என்ன நிறச் சேலை என்று கேட்டார்களாம். இங்கே அக்னெஸ் அக்காவின் மகளும் அங்கே அவரும் சோதனைக்குப் படிப்பதுபோலப் பாடமாக்கி வைத்திருந்ததால் தப்பினார்களாம். “நீயும் அன்டனும் அந்த வாங்கில பக்கத்தில பக்கத்தில இருந்தனீங்கள் எண்டு பாடமாக்குங்கோவன்” என்கிறார். நான் ஒட்டுப்படத்தை அவரிடமே திருப்பிக் கொடுத்தேன். “மறுத்தாங்கள் எண்டால் உன்ர தலையிலதான்” என்று சொல்லிவிட்டுக் காரை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அம்மா என் முகத்தைப் பார்க்காமல் செபமாலையை எடுத்தார்.

மறுத்தால் எத்தனை வருடம் போகும் என்று எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டுதான் இதை எழுதுகிறேன்.

எங்கள் சுற்றுலா பஸ்ஸில் தூத்துக்குடியைச் சேர்ந்த றோசா டீச்சர் இருந்தார், நினைவிருக்கிறதா? திரும்பும் வழியில் தேநீர்க் கடையில் எங்களைப் பார்த்து, “ஏம்மா, புதுசா கல்யாணம் ஆனவங்க இப்படியா ஆளுக்கு ஒரு திசையைப் பாத்துட்டு உக்காந்திருப்பீங்க? கொஞ்சம் சிரிங்க” என்று சொல்லித் தன் கமராவில் ஒரு படம் எடுத்தார். விலாசம் வாங்கினாரே, சொன்னபடி அனுப்பியும் விட்டார். அதில் தாஜ்மஹால் இல்லை. ஒரு லொறியின் பின்பக்கமும் அடுப்பும்தான் தெரிகின்றன. உங்கள் கண் பாதி மூடியிருக்கிறது. என் தலைமயிர் காற்றில் கலைந்து வாய்க்குள் போகிறது. இருவரும் சிரிக்கவில்லை. ஆனால் குளிருக்கு உங்கள் மேற்சட்டையை நான் போட்டிருக்கிறேன், நீங்கள் வெறும் சேட்டோடு தோளைக் குறுக்கிக்கொண்டு இருக்கிறீர்கள். அதை எப்போது கழற்றித் தந்தீர்கள் என்று எனக்கு ஞாபகமே இல்லை. பாடமாக்கி வைத்திருந்தால் ஞாபகம் இருந்திருக்கும்.

அந்தப் படத்தைத்தான் உறைக்குள் வைத்திருக்கிறேன். உறையை இன்னும் ஒட்டவில்லை. நீங்கள் வாசலுக்கு வெளியே இருந்த அந்த நேரத்தைப் பற்றி எனக்கு எழுதிய பிறகுதான் ஒட்டுவேன். இது உங்களுக்கு வைக்கிற சோதனை என்று நினைக்கவேண்டாம். நாளைக்கு ஒரு அதிகாரி, தாஜ்மஹாலைக் கண்டபோது எப்படி இருந்தது என்று கேட்டால், நான் பார்க்கவில்லை என்று நீங்கள் சொல்லவேண்டும். அதை அந்த அந்நியனுக்கு முதலில் சொல்லாமல் எனக்கு முதலில் சொல்லுங்கள். நான் விரும்பாத பதிலாக இருந்தாலும் எழுதுங்கள். நீங்கள் தலையாட்டுவதை மட்டும் என்னால் இன்னொரு முறை தாங்க முடியாது.

நீங்கள் அனுப்பிய படத்தை விண்ணப்பத்தோடு வைக்கவில்லை. அதைக் கிழிக்கவும் இல்லை. அது என் மேசையில், நூலகப் புத்தகத்தின் அந்தப் பக்கத்தில் இருக்கிறது. என்னைத் தனியாக நிற்கவைத்துவிட்டோம் என்று நினைத்து, பஸ் திரும்புவதற்குள் எப்படியாவது ஒரு படம் வேண்டும் என்று அந்தச் சீலைக்கு முன்னால் போய் நின்றிருப்பீர்கள். உங்கள் கோபுரமும் வானமும் பொய். நிழல் உங்களுடையது.

கோடையில் இந்தத் தீவிலிருந்து லவாலுக்கு ஒரு சின்னப் படகு ஓடும். சில கார்கள்தான் ஏறலாம், ஆற்றைக் கடக்க ஐந்து நிமிடம்கூட ஆகாது. எங்கிருந்து வருகிறாய் என்று ஒருவரும் கேட்பதில்லை. இப்போது ஆறு இன்னும் உறைந்துதான் கிடக்கிறது, படகைக் கரையில் ஏற்றி வைத்திருக்கிறார்கள். நான் நடந்து போகும்போது அதைப் பார்த்துவிட்டு வருகிறேன்.

மடு மாதா உங்களையும் மாமியையும் காக்க வேண்டுமென்று ஒவ்வொரு நாளும் கேட்கிறேன். இரவில் குளிர்ந்தால் அந்த மேற்சட்டையைப் போடுங்கள், விமான நிலையத்தில் உங்கள் பைக்குள் வைத்துவிட்டேன். விரைவில் எழுதுங்கள், அன்டன். உள்ளே இருப்பதை நான் பார்த்துவிட்டேன். வெளியே என்ன இருந்தது என்று சொல்லுங்கள்.

உங்கள் கடிதத்துக்காக உறையைத் திறந்தபடி வைத்திருக்கும்,
உங்கள்
பிரியந்தி