விலை கேட்காத வண்டி

அக். 12, திங்கள்

விடிந்ததிலிருந்து மழை. கடைக்குள் ஒழுகல், ஜெராக்ஸ் மிஷினுக்கு நேர் மேலே. கட்டிடக்காரருக்கு நாலு தடவை போன். எடுக்கவில்லை. வாடகைத் தேதி வந்தால் மட்டும் அந்தப் போனுக்கு உயிர் வரும்.

பத்து மணிக்கு மைனி நனைந்துகொண்டே வந்து கடை வாசலில் தலையிலிருந்த அலுமினிய மீன் சருவத்தை இறக்கினாள். நிறையச் சாளை மீன். பின்னாலேயே ரோசம்மா, மேரியக்கா. மூன்று பேரையும் இன்றைக்கும் பஸ்ஸில் ஏற்றவில்லையாம். நாற்றமாம். கண்டக்டர் வீட்டில் மீன்குழம்பே வைப்பதில்லை போலிருக்கிறது. வடசேரி சந்தைக்கு ஆட்டோ பிடித்துப் போனால் விற்றது ஆட்டோவுக்கே சரியாகிவிடும். மைனியைக் கட்டின என் அண்ணன் கொச்சிக்கு மீன்பிடிப் போட்டில் போனால் இரண்டு மாதம் கழித்துத்தான் வருவான். வீடு ஓடுவது இந்தச் சருவத்தில்தான்.

மைனி சேலையைப் பிழிந்துகொண்டே: "ஏட்டி ஷீபா, ஒனக்க கம்ப்யூட்டர்ல பழைய வண்டி விக்கது உண்டாமே. ஒரு லோடு ஆட்டோ பாத்துத் தா. மூணு பேரும் சேந்து எடுக்கோம். நான் ஓட்டுவேன்."

லைசென்ஸ் எடுத்து ஆறு மாதமாகிறது. எனக்கே இன்றுதான் தெரியும். அழுத்தக்காரி.

டோனர் வாங்க வேண்டும். பல்வலி மாத்திரை.

அக். 13, செவ்வாய்

கரண்ட் 10 முதல் 12 வரை இல்லை. வந்ததும் விளம்பரங்களைப் பார்த்தேன். முக்கால்வாசி களவாணிகள். ஒருத்தன் ராணுவத்தில் இருக்கிறானாம், வண்டி ஏர்போர்ட்டில் நிற்கிறதாம், அனுப்புகிற செலவை மட்டும் முதலில் போட வேண்டுமாம். அதே படம் மதுரையிலும் இருக்கிறது, கோவையிலும் இருக்கிறது. ஊரில் உள்ளவன் எல்லாம் மடையன் என்று நினைப்பு. இவன்களைப் பிடித்து மிளகாய் அரைத்துப் பூச வேண்டும்.

ஒரு தாளில் எழுதினேன்.

1. நேரில் பார்க்காமல் ஒரு ரூபாய் கூட இல்லை.
2. ஆர்.சி. அசல் வேண்டும். இன்ஜின் நம்பர், சேசிஸ் நம்பர் ஒத்துப் பார்க்க.
3. பைனான்ஸ் பாக்கி உண்டா?
4. இன்சூரன்ஸ், எஃப்.சி. எதுவரை?
5. மெக்கானிக் கூட வர வேண்டும்.

இரண்டு பிரதி எடுத்து ஒன்றைக் கடைச் சுவரில் ஒட்டினேன். பாஸ்போர்ட் பாரம் நிரப்ப வந்த ஒருவர் வாசித்துவிட்டு, "கொள்ளாம் டீச்சரே" என்று மெச்சினார். நான் டீச்சர் இல்லை. ஆனாலும் திருத்தவில்லை.

அக். 14, புதன்

ஒன்று கிடைத்தது. டி.என். 75. நம்ம பக்கத்து நம்பர். வண்டி தக்கலைக்கு உள்ளே நிற்கிறது. விலை கொஞ்சம் குறைவு, சந்தேகப்படும் அளவுக்கு இல்லை. போன் போட்டேன். பிரகாஷ் என்றான். நம்ம பேச்சு, சுத்தமாக.

"அக்கா, வண்டி எனக்க மச்சான் டென்னிசன் பேருல இருக்கு. பேக்கரிக்கு ஓட்டினது. எனக்குத் தர வேண்டிய காசுக்குப் பதிலா வண்டிய விடுகாரு. மனசில்லாமத்தான் விடுகாரு. அவருகிட்ட வெலயப் பத்திப் பறஞ்சியன்னா வீட்டுல வழக்காவும். வண்டிய எவ்வளவு வேணும்னாலும் பாத்துக்கிடுங்க. வெல நமக்குள்ள."

எனக்கு லேசாக உறுத்தியது. மைனியிடம் சொன்னேன். சிரித்தாள்.

"வள்ளக்காரன்கிட்ட போயி ஆராவது வெல கேப்பாளாட்டி? ஏலக்காரன் வெல சொல்லுவான், அவனுக்க கையிலதான் காசு. வள்ளக்காரன் பீடி குடிச்சிட்டு அங்கோட்டுப் பாத்துட்டு நிப்பான்."

அதுவும் சரிதான். கரையில் பிறந்த நாளிலிருந்து பார்ப்பதுதானே. மீன் ஒருத்தனுடையது, பேரம் இன்னொருத்தன் வாயில். ரோசம்மாவும் தலையாட்டினாள். மகளின் வளையலை அடகு வைத்துவிட்டாள். மேரியக்கா சுய உதவிக் குழுவில் கடன் எடுத்தாள். மைனி தாலிச் சங்கிலி.

அக். 17, சனி

நேற்று எழுத முடியவில்லை. இன்றும் கோபம்தான், ஆனால் வரிசையாக எழுதிவிட வேண்டும்.

நேற்று காலை நாங்கள் நாலு பேரும் மெக்கானிக்கும் தக்கலை போனோம். டென்னிசன் வீடு. நல்ல மனுஷர் மாதிரி இருந்தார். பெண்சாதி சாயா போட்டுத் தந்தாள். வண்டி வெளியே நின்றது. மெக்கானிக் அடியில் படுத்துப் பார்த்தான், ஓட்டிப் பார்த்தான். டயர் மட்டும் தேய்மானம். ஆர்.சி. அசல், டென்னிசன் பேரில். நம்பர் எல்லாம் ஒத்திருந்தது. பாக்கி இல்லை. என் தாளில் ஐந்துக்கும் டிக். மைனி ஸ்டியரிங் பிடித்து உட்கார்ந்தாள். ரோசம்மா பின்னால் ஏறி நின்று, "இங்க மூணு சருவம், அங்க ஐஸ் பெட்டி" என்று இடம் பிரித்தாள்.

பிரகாஷ் இடையில் மூன்று முறை போன் செய்தான். டென்னிசனிடமும் பேசினான். "ஆமா, விளிச்சாரு. எல்லாம் சரி" என்றார் டென்னிசன் எங்களிடம். பிறகு பிரகாஷ் எனக்குப் போன் அடித்தான். மார்த்தாண்டத்தில் இருந்து வேறு பார்ட்டி வந்துகொண்டிருக்கிறதாம். இப்போதே பேங்கில் போட்டால் மச்சான் கையோடு சாவி தருவாராம். தக்கலை பேங்கில் போய் அவன் தந்த கணக்கில் போட்டேன், அவன் பெண்சாதி பேர் என்றான். சலானில் என் கையெழுத்து.

திரும்பி வந்தோம். டென்னிசன் கையில் சாவியுடன் நின்றார், தரவில்லை.

"எனக்குக் காசு வரல்லியே."

"ஒங்க மச்சானுக்குப் போட்டாச்சு" என்றேன்.

"எந்த மச்சான்?"

"பிரகாஷ்."

"அவரு ஒங்களுக்க முதலாளில்லா? மீன் கம்பெனி வச்சிருக்காரு, வேலைக்காரிகளுக்கு வண்டி எடுத்துக் குடுக்கப் போறேன், வெலய மட்டும் அவளுககிட்ட செல்லாதீங்கன்னு பறஞ்சாரே?"

பிரகாஷ் நம்பர் ஸ்விட்ச் ஆஃப்.

டென்னிசன் போட்ட விளம்பரத்தின் படங்களை எடுத்து அந்தச் சவத்துப் பயல் தன் பேரில் இன்னொன்று போட்டிருக்கிறான். எங்களிடம் அவருக்கு மச்சான். அவரிடம் எங்களுக்கு முதலாளி. இரண்டு பக்கமும் வாயைக் கட்டிவிட்டு நடுவில் இருந்து அள்ளிக்கொண்டு போய்விட்டான். டென்னிசன் கேட்ட விலை முப்பதாயிரம் கூடுதல். ஒரே ஒரு வார்த்தை. அவரோ நாங்களோ விலையைச் சொல்லியிருந்தால் அந்த முற்றத்திலேயே அவன் கதை முடிந்திருக்கும்.

ரோசம்மா டென்னிசன் சட்டையைப் பிடித்தாள். "எனக்க பிள்ளைக்க வளையலுலே! எடுலே வண்டிய!" அவர் பெண்சாதி எங்களைத் திருட்டுக் கூட்டம் என்றாள். மெக்கானிக்தான் பிடித்து இழுத்து வெளியே கொண்டுவந்தான். அவர் வண்டி அவர் வீட்டில் நிற்கிறது. அவரைச் சொல்லி என்ன?



அக். 19, திங்கள்

போலீஸ் ஸ்டேஷன். நாலு மணி நேரம் பெஞ்சில். எழுத்தர் முதல் கேள்வியே: "படிச்ச பிள்ளதானே நீ?"

படித்தவளை ஏமாற்றலாம் என்று சட்டம் இருக்கிறதா? கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும். புகாரை மூன்று தடவை மாற்றி எழுத வைத்தார்கள். பணம் போன கணக்கு எங்கோ வடக்கே, யாரோ ஒரு பெண் பேரில். அன்றைக்கே எடுத்தாகிவிட்டது. பார்ப்போம் என்றார்கள். அந்தப் 'பார்ப்போம்' எப்படிப்பட்டது என்று எனக்குத் தெரியும்.

அண்ணன் கொச்சியிலிருந்து விளித்தான். "பொம்பளைகளுக்கு என்னத்துக்குட்டி வண்டி?" போனை வைத்துவிட்டேன். நீ பெண்சாதியை பஸ்ஸில் ஏற்றிவிட்டுப் பேசு.

கடைக்கு வந்து சுவரில் இருந்த தாளைக் கிழித்தேன். பிறகு என் பிரதியில் மட்டும் எழுதிச் சேர்த்தேன்:

6. ஆர்.சி.யில் யார் பேரோ அவர் கணக்குக்குத்தான் பணம். அண்ணன், தம்பி, மச்சான், ஏஜென்ட் எவனும் வேண்டாம்.
7. விலையை வண்டிக்காரர் முகத்தைப் பார்த்து, எல்லாருக்கும் கேட்கும்படி கேட்க வேண்டும்.
8. பேசாதே என்று எவன் சொல்கிறானோ அவன்தான் திருடன்.

இப்போது எழுதி யாருக்கு என்ன பிரயோஜனம்.

அக். 20, செவ்வாய்

மைனி வீட்டில் மேரியக்காவும் ரோசம்மாவும். நான் கதவருகில். அடுத்த வாரம் குழுத் தவணை. மேரியக்கா அழுதுவிட்டு, அழுகை நின்றதும் ஏச ஆரம்பித்தாள். "அந்த வீட்டுல போயி இருந்து சாயாவும் குடிச்சிட்டு, வெல என்னன்னு ஒரு வார்த்த கேக்காம வந்தது ஆரு? செல்லுங்க. ஆரு?"

மைனி: "நான்தான். கரையில உள்ள வழக்கம்னு நெனச்சிட்டேன். நான்தான் கேக்காண்டாம்னு சொன்னது."

மேரியக்கா ஏசிய ஏச்சை எழுத மாட்டேன். மைனி தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டிருந்தாள். நான் வாயைத் திறக்கவில்லை.

அக். 23, வெள்ளி

மூன்று நாளாக ஒன்றும் எழுதவில்லை. யார் மேல் கோபம் என்று தெரியாதது மாதிரி எல்லார் மேலும் விழுந்தேன். பால்காரன், ஜெராக்ஸ் எடுக்க வந்த பிள்ளைகள், கட்டிடக்காரர்.

17ஆம் தேதி வரிசையாக எழுதுகிறேன் என்று சொல்லிவிட்டு ஒன்றை விட்டுவிட்டேன். என் சொந்த நோட்டில் எனக்கே பொய்.

சாயா குடிக்கும்போது ரோசம்மாவும் மேரியக்காவும் வெளியே வண்டியருகில் நின்றார்கள். மைனி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "அண்ணாச்சி, டயரு தேஞ்சில்லா இருக்கு. அதுக்கு வெலையில..." என்று ஆரம்பித்தாள். நான் அவள் சேலையைப் பிடித்து இழுத்தேன். "மைனி, சும்மா இருங்க. காரியத்தக் கெடுத்துப் போடாதீங்க." டென்னிசன் நிமிர்ந்து பார்த்தார். நான் சிரித்து மழையைப் பற்றிப் பேசினேன். மைனி டம்ளரை எடுத்துக்கொண்டாள்.

கரையின் வழக்கம் என்றால் மைனிக்கு முழுக்கத் தெரியும். மீன் மோசம் என்றால் ஏலக்காரனை விட்டுவிட்டு வள்ளக்காரனையே பிடித்துக் கேட்பார்கள். தேய்ந்த டயர் அவளுக்கு மோசமான மீன். அவள் சரியாகத்தான் கேட்க வந்தாள். இண்டர்நெட் தெரிந்தவள் நான் இல்லையா, எனக்குத்தானே எல்லாம் தெரியும்.

பிரகாஷை விட என் மேல்தான் கோபம். இதை எழுதும்போது கூட பேனாவை அழுத்தித் தாள் கிழிகிறது.

அக். 25, ஞாயிறு

சர்ச்சில் பூசை முடிந்து வெளியே வந்ததும் மேரியக்காவையும் ரோசம்மாவையும் நிறுத்திச் சொன்னேன். மைனி கேட்க வந்ததையும் நான் சேலையைப் பிடித்து இழுத்ததையும். சுற்றி நாலு பேர் நின்றார்கள். அவர்களுக்கும் கேட்டது. ரோசம்மா என்னைப் பார்த்தாள், திரும்பிப் போய்விட்டாள். மேரியக்கா மண்ணில் துப்பினாள்.

மைனி பாராட்டுவாள் என்று நினைத்தேன் போலிருக்கிறது. வீட்டுக்கு வந்து வாசலில் நின்றே கத்தினாள்.

"எனக்குத் தெரியாதாட்டி? எனக்க சேலையத்தானே இழுத்த? ஆரு கேட்டா ஒங்கிட்ட? அவளுக என்ன நாலு நாளு ஏசுவாளுக, அஞ்சாம் நாளு மீனெடுக்க எங்கூடத்தான் வரணும். எனக்கு அது போதும். ஒனக்க கடைக்கு இனி ஆரு வருவா? கையெழுத்துப் போடத் தெரியாததுக எல்லாம் ஒன்ன நம்பித்தானே பேப்பர நீட்டுதுக?"

எனக்கும் கோபம் வந்தது. "பின்ன நீங்க ஏச்சு வாங்கிட்டே இருக்கணுமா?"

"வாங்குவேன். எனக்குப் பழக்கம்."

கதவைச் சாத்திவிட்டுப் போனாள். சாயா கூடக் குடிக்கவில்லை.

அக். 27, செவ்வாய்

நேற்று இரண்டு ஜெராக்ஸ். இன்று ஒன்றுமில்லை. ஓய்வூதியப் பாரத்துக்கு வருவதாகச் சொன்ன தாத்தா மார்த்தாண்டத்தில் கொடுத்துவிட்டாராம். பஸ் செலவு போட்டு மார்த்தாண்டம் போயிருக்கிறார். போகட்டும்.

மைனி இன்றும் பஸ்ஸில் இடம் கிடைக்காமல் ஆட்டோவில் போனாள். கடையைத் தாண்டும்போது இந்தப் பக்கம் பார்க்கவில்லை.

அக். 28, புதன்

பதினோரு மணிக்கு ரோசம்மா. சந்தையில் இருந்து நேராக வந்திருக்கிறாள், காலியான சருவம் இடுப்பில். மகளுக்குக் கல்லூரி உதவித்தொகைப் பாரம், நாளைக்குக் கடைசி நாள். உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை.

நிரப்பினேன். கையெழுத்துக்கு மகளிடம் கொண்டுபோகச் சொல்லி நீட்டினேன். வாங்கவில்லை.

"வாசி."

"என்ன?"

"எழுதினத வாசி. மேல இருந்து."

வாசித்தேன். பேர், அப்பா பேர், வருமானம், சாதிச் சான்றிதழ் எண். வேகமாக வாசித்ததற்கு, "பைய வாசி. எனக்கு அவசரமில்ல" என்றாள். பேங்க் கணக்கு வந்ததும் நிறுத்தினாள்.

"ஆருக்க பேருல?"

"ஒங்க மகளுக்க பேருல."

"காட்டு."

விரல் வைத்துக் காட்டினேன். மடியில் இருந்து பாஸ்புக்கை எடுத்தாள். எழுத்து தெரியாது, எண் தெரியும். மீன் செதில் ஒட்டிய விரலால் ஒவ்வோர் எண்ணாகத் தொட்டுப் பார்த்தாள். அங்கே ஒன்று, இங்கே ஒன்று. முடித்துவிட்டு மறுபடியும் முதலில் இருந்து.

பத்து வருஷமாக இந்த ஊருக்கு எழுதிக் கொடுக்கிறேன். ஒருத்தர் கூட என்னிடம் இப்படிக் கேட்டதில்லை. முகம் எரிந்தது. ஏதாவது சொல்லிவிடுவேனோ என்று பயந்து பல்லைக் கடித்துக்கொண்டேன்.

"இன்னொருக்கா வாசி" என்றாள். வாசித்தேன்.