கனடாவில் மாலை நாலு மணி

13.11.2006, திங்கள்

மூடுபனி. ஜன்னலுக்கு வெளியே சிறை மதிலும் இல்லை, மரமும் இல்லை. கோப்பிக் கோப்பையோடு பத்து நிமிடம் ஒன்றுமில்லாததைப் பார்த்துக்கொண்டு நின்றேன். நன்றாக இருந்தது.

இந்த நோட்டுப் புத்தகம் தமிழில். காரணம், எதிர் மேசை. என் மேலதிகாரி ஃப்ரவ் பிராண்ட் மேசையில் கிடப்பதையெல்லாம் வாசிப்பார். நல்ல மனுசி, ஆனாலும் வாசிப்பார். அம்மாவுக்குத் தமிழ் தெரியும் என்பதால் வீட்டில் அம்மா படுத்த பிறகுதான் திறக்கிறேன். நாலு வயதில் இந்த நாட்டுக்கு வந்து, சனிக்கிழமைத் தமிழ்ப் பாடசாலையில் அழுதழுது படித்த எழுத்து. இப்போதுதான் ஒன்றுக்கு உதவுகிறது.

நகரச் சிறை நிர்வாகம், ஆய்வுப் பிரிவு. பெயர்தான் பெரிது. இரண்டு மேசை, ஒரு பிரின்டர், ஒரு வாடல் செடி, ஐந்து மாதமாக நான். அன்ட்ராக், அதாவது விண்ணப்பம், எழுதி நிதி கேட்பதும், கேட்பதற்குக் காரணம் தேடிக் கைதிகளைப் பேட்டி காண்பதும் வேலை.

இந்த முறை கேட்பது: மாதம் ஒரு சனிக்கிழமை, தகப்பன்மாரும் பிள்ளைகளும் ஒரே அறையில் மூன்று மணி நேரம். விளையாட்டுச் சாமான், கேக், மொழிபெயர்ப்பாளர். கடைசிதான் முக்கியம். காவலருக்கு விளங்காத மொழியில் இங்கே கதைக்க அனுமதி இல்லை. நேரில் வந்தாலும் சரி, டெலிபோனிலும் சரி. மொழிபெயர்ப்பாளருக்கு எழுதிப் போட்டால் வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும். ஆகவே பெரிய பெரிய மனிதர்கள் தங்கள் சொந்தப் பிள்ளைகளோடு உடைந்த டொச்சில், அதாவது ஜெர்மன் மொழியில், கதைக்கிறார்கள்.

செய்ய:
– எண் 17, பேட்டி, நாளை 10 மணி
– அன்ட்ராக்கின் பக்கம் 4 நடுவில் கட்டம், தலைப்பு "ஒரு குரல்". இன்னும் காலி
– செடிக்குத் தண்ணீர்
– அம்மாவுக்குத் தேங்காய்ப்பால் 6 பேணி

14.11, செவ்வாய்

பனி இன்னும் போகவில்லை.

எண் 17 தமிழர். பட்டியலில் இலங்கை என்று மட்டும் இருந்தது. வணக்கம் என்றேன். எழுந்து நின்றுவிட்டார்.

பேட்டி முறை: பெயர் கேட்பதில்லை, குற்றம் கேட்பதில்லை. உள்ளே கேட்டது வெளியே போகாது என்று கையெழுத்து வைத்திருக்கிறேன். ஆய்வுக்கு மட்டும் ஒரு சலுகை, காவலர் கண்ணாடிக்கு அந்தப் பக்கம். எந்த மொழியிலும் கதைக்கலாம்.

நாற்பது வயதிருக்கும். "ஒண்டரை வருசத்துக்குப் பிறகு தமிழ் கதைக்கிறன் தங்கச்சி. நாக்கு வழுக்குது" என்றார்.

மனைவி, ஒரே மகள். மகள் நாலாம் வகுப்பு. மனைவி இரண்டு தரம் வந்து பார்த்தார். பிள்ளை வரவில்லை. "பிள்ளைக்கு நான் கனடாவிலை. ஊர்ச்சனம் எல்லாருக்கும் நான் கனடாவிலை." எங்கள் ஆட்களில் யாருக்குத்தான் கனடாவில் ஆள் இல்லை, நம்புவார்கள். புதன்கிழமை நாலு மணிக்கு டெலிபோன். காவலர் பக்கத்தில் இருப்பார், ஆகவே டொச். இங்கே மாலை வகுப்பில் படித்த டொச். முட்டுப்பட்டால் காவலரே சொல் எடுத்துக் கொடுப்பாராம்.

கேள்வி 9: பூட்டிய நேரத்தில் என்ன செய்கிறீர்கள்?

"வீட்டை நடந்து போவன்."

விளங்கவில்லை என்று முகத்தில் தெரிந்திருக்க வேண்டும். மெல்லச் சொன்னார். மத்தியானம் கதவு பூட்டியதும் கட்டிலில் படுத்து, கண்ணை மூடி, ட்ராமிலிருந்து இறங்குவார். பாண் கடை. ரயில் பாலத்துக்குக் கீழே, மழை இல்லாத நாளிலும் ஒரு சொட்டு விழும் இடம். நீலக் கதவுச் சலவைக் கடை. வாசல் படி ஐந்து, மூன்றாவது உடைசல், தாண்டிக் கால் வைக்க வேண்டும். இரண்டாம் மாடி. சப்பாத்துத் தட்டில் பிள்ளையின் சிவப்புப் பூட்ஸ். ஒன்றையும் விடமாட்டார். விட்டால் திரும்ப ட்ராமிலிருந்து.

"பிறகு மணி அடிப்பீங்களோ?"

"இல்லை. உள்ளுக்குப் போனால் திரும்பி வரவேணும் எல்லோ. வாசலிலை நிப்பன். உள்ளுக்கை சத்தம் கேக்கும். அது காணும்."

அடுத்த கேள்வியைக் கேட்க மறந்துவிட்டேன். நானும் அந்த வாசலில் நின்றுகொண்டிருந்தேன் போல.

15.11, புதன்

தூறல். முழுநாளும் தட்டச்சு.

நேற்றைய நடையை டொச்சில் எழுதினேன். வெட்டியவை: வயது, நாடு, மொழி, மகளின் வகுப்பு, கனடா. நடை மட்டும் முழுசாக. சொட்டு, நீலக் கதவு, மூன்றாம் படி எல்லாம். கட்டத்துக்குள் அளவாக உட்கார்ந்தது.

ஃப்ரவ் பிராண்ட் வாசித்து, கண்ணாடியைக் கழற்றி, சட்டை நுனியில் துடைத்தார். "இதுதான். இதற்குக் குழு இல்லை என்று சொல்லாது." அடுத்த வெள்ளி, 24ஆம் திகதி, ஆலோசனைக் குழுவுக்கு ஒன்பது பிரதி போகிறது. பெருமையில் செடிக்கு இரண்டு தரம் தண்ணீர் ஊற்றிவிட்டேன்.

திரும்பும்போது ட்ராமில் நானும் கண்ணை மூடிப் பார்த்தேன். எங்கே நடப்பதென்று யோசித்தேன். ஓரிடமும் வரவில்லை. கண் திறந்தால் இறங்க வேண்டிய இடம் போய் இரண்டு தரிப்பு.

19.11, ஞாயிறு

வெயில், குளிர். தமிழ்ப் பூசை முடிந்து வீட்டில் புட்டு. அம்மா ஒரு நீள்வட்டத் தட்டைத் தூக்கி வந்தா. ஒக்டோபரில் மாதா சுருவம், மாதாவின் சிலை, செபத்துக்கு வீடு வீடாகப் போகிறதல்லவா, ஜெசி அக்கா வீட்டுச் செபமாலையன்று எங்கள் தட்டும் அவவின் தட்டும் மாறிவிட்டதாம். ஜெசி அக்கா அம்மாவோடு பாடகர் குழுவில் பாடுகிறவ. நான் படிப்பு முடித்து இந்தக் கோடையில்தான் திரும்பி வந்தேன், அவவோடு அதிகம் பழக்கமில்லை.

"தட்டை வெறுமனே குடுக்கக் கூடாது பிள்ளை" என்று அம்மா ஆறு ரோல்ஸ் வைத்தா.

செபமாலையன்று மழை, கூட்டம், குடைகள். முன்னால் சுருவத்தைச் சுமந்துகொண்டு எங்கள் கோயில் சவரிமுத்து அண்ணை. பின்னால் நான். அவருடைய பிடரியைத் தவிர வேறொன்றும் அன்று பார்க்கவில்லை. இன்று தனியே, பகலில்.

ட்ராமிலிருந்து இறங்கினேன். பாண் கடை, பூட்டியிருந்தது. ரயில் பாலம். கழுத்தில் ஒரு சொட்டு.

அண்ணாந்து பார்த்தேன். வானத்தில் மேகமே இல்லை.

அதற்குப் பிறகு கால் தானாக மெதுவாகிவிட்டது. நீலக் கதவு. ஒரு பால்கனியில் உலகக் கிண்ணக் கொடி, வெளிறி, கழற்ற மறந்து. அது அவருடைய நடையில் இல்லை, அவருக்குத் தெரியாது. வாசல் படி. ஒன்று, இரண்டு. மூன்றாவதைக் கண் பார்க்கும் முன் கால் தாண்டிவிட்டது. மேலே சப்பாத்துத் தட்டு. சிவப்புப் பூட்ஸ், சின்னது. இப்போது அந்தக் காலுக்குப் போதாது, ஆனாலும் அங்கேயே இருந்தது.

தட்டோடு வாசலில் நின்றேன். உள்ளே டிவி. தாச்சியில் ஏதோ பொரிகிற சத்தம். ஒரு பிள்ளை எதையோ எண்ணுகிறது. அழுகை வந்தது. திரும்பிப் போயிருக்கலாம். ரோல்ஸ் ஆறிவிடும் என்று மணியை அடித்தேன். மடத்தனம்தான்.

ஜெசி அக்கா: "வாங்கோ, வாங்கோ. இவர் இருந்தால் உங்களைச் சாப்பிடாமல் விடமாட்டார். கனடாவிலை வேலை கூட, லீவு எடுக்க ஏலாதாம்." என்னைப் பார்க்காமல், சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டே சொன்னா.

"ஓம் அக்கா" என்றேன். பொய் இவ்வளவு சுகமாக வாயில் வரும் என்று எனக்குத் தெரியாது.

அவ தட்டோடு குசினிக்குள். மகள் மெலனி மேசையில் வீட்டுப்பாடம். உலகப் படம், நகரத்துக்கு நகரம் ஒரு மணிக்கூடு, முள் கீறவேண்டும். எட்டிப் பார்த்தேன். பிள்ளை குசினிப் பக்கம் ஒரு கண் வைத்துக்கொண்டு, டொச்சில், இரகசியக் குரலில் தொடங்கியது.

"அப்பா புதன்கிழமை நாலு மணிக்கு எடுப்பார். போன கிழமை, 'இங்கே இருட்டிவிட்டது' என்றார்."

"சரி."

"இங்கே நாலு மணி என்றால் டொரன்டோவில் காலை பத்து."

பென்சிலால் டொரன்டோ மணிக்கூட்டைத் தொட்டுக் காட்டியது.

"அதோடு கனடாவுக்குப் போன பிறகுதான் அப்பா என்னோடு டொச்சில் கதைக்கிறார். முந்தி டொச் தெரியாது. கனடாவில் யார் டொச் படிப்பிக்கிறார்கள்?"

"அம்மாவிடம் கேட்டாயா?"

இதற்கு மட்டும் தமிழில் பதில். "இல்லை. அம்மா கவலைப்படுவா." முள்ளைக் கீறி, அழித்து, திரும்பக் கீறியது.

தட்டு நிறையப் பயற்றம் பணியாரத்தோடு ஜெசி அக்கா திரும்பி வந்தா. அவவும் வெறும் தட்டுத் தரமாட்டா.

20.11, திங்கள்

காற்று. பக்கம் 4ஐ எடுத்து முன்னால் வைத்துக்கொண்டு காலை முழுதும்.

பெயரை எடுத்துவிட்டு வீட்டை விட்டுவைத்திருக்கிறேன்.

ஆலோசனைக் குழுப் பட்டியல், ஏழாவது பெயர், வெளிநாட்டவர் மன்றப் பிரதிநிதி: சவரிமுத்து அண்ணை. சுருவத்தைத் தூக்கிக்கொண்டு அந்த மூன்றாம் படியில் கால் தடுமாறி, "கவனமா வாங்கோ" என்று பின்னால் வந்த எங்களுக்குக் கத்தியவர். மோசமான மனிதர் இல்லை. ஆனால் ஒரு ஞாயிறு அவர் அறிந்தது மறு ஞாயிறு பாடகர் குழுவில் இருக்கும்.

பிராண்டிடம், ஆளை அடையாளம் காணலாம் என்றேன். "தெருப் பெயர்கூட இல்லையே. இந்த நகரத்தில் எத்தனை பாலம், எத்தனை படி." எப்படி விளங்கப்படுத்துவது? மாதா எங்கள் எல்லார் வீட்டுப் படியும் ஏறி இறங்கியிருக்கிறா, பின்னாலே நாங்களும்.

"இந்தக் கட்டம் போனால் பக்கம் 4 வெறும் அட்டவணை" என்றார் பிராண்ட். "மற்றச் சிறையின் தோட்டத் திட்டத்துக்கு நிதி போய்விடும். உனக்கு சனிக்கிழமை வேண்டுமா, வேண்டாமா?" பிறகு கொஞ்சம் இறங்கி, "அவரிடமே கேள். குரல் அவருடையது."

17ஓடு தெர்மின், சந்திப்பு நேரம்: புதன் 3 மணி.

21.11, செவ்வாய்

மழை. ட்ராமில் கொஞ்சம் கண் அயர்ந்தேன். கனவில் எல்லாரும் பாடிக்கொண்டு படியேறுகிறார்கள். சவரிமுத்து அண்ணை தோளில் மாதா இல்லை, கறுப்பு டெலிபோன். வயர் பின்னால் இழுபட்டு வருகிறது, மிதிக்காமல் வரவேண்டும். மிதித்தேனா என்று தெரியும் முன் இறங்கும் இடம்.

பணியாரம் ஒபிசில். பிராண்ட் மூன்று, நான் ஐந்து. வாய் திறந்தால் பணியாரம் போட, வேறொன்றுக்கும் இல்லை என்று தீர்மானம்.

22.11, புதன்

மூட்டம். பக்கம் 4 திருத்தியாகிவிட்டது. பிராண்டுக்கு டெலிபோனில் வாசித்தேன். "சின்னதாகிவிட்டது" என்றார். கொஞ்சம் பொறுத்து, "இருக்கட்டும், இதையே அனுப்பு." நிதி வருமா என்று இனி எனக்குத் தெரியாது.

நடந்தது இது. மூன்று மணிக்கு 17க்கு முன்னால் தாளை வைத்துத் தமிழில் சொன்னேன். கண்ணை மூடிக் கேட்டார். பாலத்தில் திரும்பும் இடத்தில் கையும் திரும்பியது.

"அண்ணை, இந்தப் பாதையிலை நான் நடந்தனான்."

கண்ணைத் திறந்தார்.

"தட்டு ஒண்டு குடுக்கப் போனனான். எனக்கு முதல் தெரியாது. ஒருத்தருக்கும் ஒண்டும் சொல்லேல்லை, சொல்லவும் மாட்டன்."

தாளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். பிறகு, "மூண்டாம் படி?"

"இன்னும் அப்பிடியேதான்."

சிரித்துவிட்டார். குழுவில் யார் இருக்கிறார் என்று சொன்னேன். இரண்டாம் வசனம் தேவைப்படவில்லை. "அவர் வாசிச்சால் ஜெசி கோயில் பக்கம் போக ஏலாது. பாதையை எடுங்கோ தங்கச்சி. வாசலை விடுங்கோ. வாசல் எல்லாருக்கும் இருக்கு."

நான் பேனாவால் கோடு கீற, அவர் பார்த்துக்கொண்டிருந்தார். பாண் கடை, பாலம், நீலக் கதவு, படி. மிஞ்சியது மூன்று வரி.

"சனிக்கிழமைத் திட்டம் வந்தால் பெயர் குடுப்பீங்களோ?"

"ஏலாது. பிள்ளை கனடா எண்டு நம்பிக்கொண்டிருக்குது. அதிலை நான் கை வைக்க மாட்டன்."

உள்ளே கேட்டது வெளியே போகக் கூடாது. வெளியே கேட்டது உள்ளே வரலாமா? அதற்கு ஒரு தாளிலும் நான் கையெழுத்து வைக்கவில்லை. ஆனால் அந்தப் பிள்ளை ஒரு கண்ணைக் குசினியில் வைத்துக்கொண்டு எனக்குச் சொன்னது.

"மகள் எத்தினையாம் வகுப்பு எண்டனீங்கள் அண்ணை?"

"நாலு."

"நாலாம் வகுப்பிலை மணிக்கூடு படிப்பிக்கினம். உலகப் படத்திலை. இங்கை நாலு எண்டால் டொரன்டோவிலை காலமை பத்து."

ஜன்னலைப் பார்த்தார். வெளியே ஏற்கெனவே மங்கல். விரல்கள் மேசையில் ஒவ்வொன்றாக மடங்கின, பத்திலிருந்து நாலுவரை ஆறு.

"போன கிழமை இருட்டிட்டுது எண்டு சொன்னனான்" என்றார்.

நான் தாளை மடித்துக்கொண்டிருந்தேன்.

நாலுக்கு ஐந்து நிமிடம். காவலர் வந்தார். டெலிபோன் அறை எதிரே, கதவு திறந்தே இருக்க வேண்டும் என்பது விதி. என்னை வாசல்வரை கூட்டிப்போக ஆள் வரும்வரை தாழ்வாரத்தில் நின்றேன். காவலர் அவருக்கு எதிரே கதிரையில் இருந்தார். தகப்பன் இலக்கங்களை அழுத்தினார். டொச்சில், மெதுவாக, சொல் சொல்லாக:

"மெலனி. உன் இடத்தில் இப்போது எத்தனை மணி?"

பதில் எனக்குக் கேட்கவில்லை. காவலர் சுவர் மணிக்கூட்டைப் பார்த்தார். சொல் எடுத்துக் கொடுக்க வாய் திறந்து, மூடிக்கொண்டார்.

"எனக்கும் நாலுதான்."