பிள்ளைத் தலையை ஏந்திய கை

அக்கா,

கீழ் வீட்டில் பச்சைப் பிள்ளையைக் குளிப்பாட்டுகிறார்கள். சாம்பிராணிப் புகை எங்கள் பால்கனிவரை ஏறி வந்துவிட்டது. துணி காயப்போடப் போனவள் பக்கெட்டோடு அங்கேயே நின்றுவிட்டேன்.

படூரில் எங்கள் தெருப் பிள்ளைகளை எல்லாம் குளிப்பாட்டியது நீங்கள்தான். கோவளத்திலிருந்து காலையிலேயே பஸ் பிடித்து வருவீர்கள். காலை நீட்டி உட்கார்ந்து, என் மகனை அதில் கிடத்தி, வெந்நீர் ஊற்றித் தலையை மெல்ல உருட்டிவிடுவீர்கள். மூன்றாம் மாதம் அவன் பின்மண்டை ஒரு பக்கம் தட்டையாகத் தெரிந்தது. எனக்கு வாய் நிற்கவில்லை. மாமியார், பக்கத்து வீட்டுக்காரிகள் காதில் விழும்படி, "நீங்க அமுக்கினதுலதான் இப்பிடி ஆச்சு" என்று சொல்லிவிட்டேன். நீங்கள் சோப்புக் கையோடு எழுந்துகொண்டீர்கள்.

மண்டையோட்டு எலும்புகள் சீக்கிரமே ஒட்டிக்கொண்டிருந்தால் ஆபரேஷன் என்றார் டாக்டர். கதிர்வீச்சு படும் ஸ்கேன் பிஞ்சுக்கு வேண்டாம், வயிற்றுப் பிள்ளையைப் பார்க்கும் ஸ்கேனிலேயே தலையையும் பார்க்கலாம் என்று செங்கல்பட்டுக்கு அனுப்பினார். நீங்கள் கூப்பிடாமலே கூட வந்தீர்கள். ரயிலில் ஊரப்பாக்கம் தாண்டியும் நான் முகம் கொடுத்துப் பேசவில்லை.

ஜெல் தடவியதும் வீரிட்டவன் என்னிடம் அடங்கவில்லை. நீங்கள் இரு கையாலும் தலையை ஏந்தியதும் அடங்கினான். இந்தக் கையே இருக்கட்டும் என்றார் ஸ்கேன் டாக்டர். திரையில் இரண்டு வெள்ளைக் கோடுகள், நடுவே கறுப்பு இடைவெளி. எலும்பு ஒட்டவில்லை என்றார். எந்தப் பக்கம் படுக்க வைப்பீர்கள் என்று அப்புறம் கேட்டார். லேப்டாப்பில் வேலை பார்க்கும்போதும் அவன் முகம் தெரியட்டும் என்று எப்போதும் ஒரே பக்கம்தான் போட்டிருந்தேன். தட்டையானது அதனால்தான், யாரும் அமுக்கியதால் இல்லை என்றார்.

வீட்டில் மாமியார் கேட்டபோது நான் வாயே திறக்கவில்லை. நீங்கள்தான் சொன்னீர்கள்.

"எலும்பு நல்லா கீதாம், அம்மா. பக்கம் மாத்திப் போட்டா சரியாப்பூடுமாம்."

யாரால் ஆனது என்று சொல்லவில்லை. அதன்பின் எங்கள் தெருவில் உங்களை யாரும் கூப்பிடவில்லை. உண்மையை நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்றே இருந்துவிட்டேன். போன மழைக்காலத்தில் நீங்கள் கண்ணை மூடிவிட்டீர்கள்.

இன்று பக்கெட்டை வைத்துவிட்டு உள்ளே போய் மாமியாரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கீரை ஆய்ந்துகொண்டிருந்தவர் கை நின்றது.

"கேளம்பாக்கம் மார்க்கெட்ல அவள ஒரு தபா பாத்தேன். புள்ள தலை ரவுண்டாச்சான்னுதான் கேட்டா. வேற ஒண்ணும் கேக்கல."

வெட்கமாக இருக்கிறது, அக்கா. மகனுக்கு எட்டு வயதாகிறது. பள்ளிக்கு அனுப்ப எண்ணெய் வைக்கும்போதெல்லாம் என் கை தானாகப் பின்மண்டைக்குப் போய்விடுகிறது.

ரவுண்டாச்சு அக்கா.